ஜாக் வெப்பை இரண்டு வரியில் முடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் போலீஸ் தொடர்களின் கதை என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். ரசித்துப் படித்தேன், பல தகவல்கள் எனக்கே புதிது. ஆனால் அமெரிக்காவின் ‘டிராக்நெட்’ வந்த இடத்தில் கட்டுரையாளர் ஏனோ ஓட்டமாய் ஓடிவிட்டார். ஜாக் வெப் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டத் தெரியாத நடிகர், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸுக்கு விளம்பரம் செய்து பிழைத்தவர், அவ்வளவுதான், இரண்டு வாக்கியம். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தொடரை உருவாக்கியவர், தயாரித்தவர், இயக்கியவர், அதில் சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடேயாக நடித்தவர் எல்லாம் அவர் ஒருவர்தான். அந்தத் தட்டையான குரலும் அசையாத முகமும் வேறு வழி தெரியாமல் வந்தவை அல்ல, யோசித்து எடுத்த முடிவு.

சந்தேகம் இருப்பவர்கள் 1950-இல் வந்த ‘சன்செட் பொலிவார்ட்’ படத்தைப் பார்க்கட்டும். அதில் ஆர்ட்டி கிரீன் என்ற உதவி இயக்குநராக வருகிறார், தன் வீட்டில் புத்தாண்டு விருந்து வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, கலகலவென்று பேசிக்கொண்டு. அதே மனிதர்தான் அதே வருஷம் வாராவாரம் வானொலியில் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஃப்ரைடேயாகப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் வானொலி நாடகங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன். அதனால் தொலைக்காட்சியில் வந்த டிராக்நெட்டைவிட அதற்கு முன்னால் வானொலியில் வந்ததுதான் எனக்கு நெருக்கம். அந்தப் பழைய ஒலிப்பதிவுகள் இப்போது இணையத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். எழுபது வருஷத்துக்கு முந்தைய பதிவு என்று சொன்னால் நம்ப முடியாது, அவ்வளவு நுணுக்கம்.

வெப் எங்கிருந்து வந்தார் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1920 ஏப்ரல் 2-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாவும் பாட்டியும்தான் வளர்த்தார்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் பங்கர் ஹில் பக்கத்தில், நல்ல வறுமையில். போதாததற்கு ஆஸ்துமா வேறு. வீட்டில் வாடகைக்கு இருந்த பழைய ஜாஸ் கலைஞர் ஒருவர் பிக்ஸ் பைடர்பெக்கின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தாராம், அன்றைக்குப் பிடித்த ஜாஸ் பைத்தியம் கடைசிவரை விடவில்லை. இரண்டாம் உலகப்போரில் விமானப்படைக்குப் போனார், விமானி பயிற்சியில் தேறவில்லை. அம்மாவும் பாட்டியும் இவர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள் என்பதால் படையிலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவில் கேஜிஓ வானொலியில் அறிவிப்பாளர் வேலை. அங்கே 1946-இல் ‘பேட் நோவாக் ஃபார் ஹயர்’ என்ற துப்பறியும் தொடரில் நாயகனாகப் பேசினார். வாயைத் திறந்தால் உவமை, அடுத்த வாக்கியத்தில் இன்னொரு உவமை, நடுவில் நக்கல், அப்படி ஒரு வசனம். அதைக் கேட்டுவிட்டு டிராக்நெட்டைக் கேளுங்கள். அலங்காரமாகப் பேசத் தெரிந்தவர்தான் எல்லா அலங்காரத்தையும் கழற்றி வைத்திருக்கிறார் என்று உடனே புரியும்.

அந்த மாற்றம் 1948-இல் நடந்தது. ‘ஹீ வாக்டு பை நைட்’ என்ற படத்தில் வெப்புக்குப் போலீஸ் ஆய்வகத்தில் வேலை செய்பவராக ஒரு சின்ன வேடம். படத்துக்கு ஆலோசகராக வந்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் சார்ஜென்ட் மார்ட்டி வின். படப்பிடிப்பு இடைவேளைப் பேச்சில் வின், வானொலியில் வரும் துப்பறியும் கதைகளில் ஒன்றுகூட எங்கள் வேலையைப்போல இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். உண்மையான வழக்குகளின் கோப்புகளைப் பார்க்க வழி செய்கிறேன், அதை வைத்து ஏன் ஒன்று செய்யக்கூடாது என்றும் கேட்டார். வெப் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. பிறகு தானே தேடிப்போய், வின்னும் அவருடைய ஜோடி வான்ஸ் பிராஷரும் ரோந்து போகும் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகச் சுற்றினார். போலீஸ்காரர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எதை முழு வார்த்தையாகச் சொல்கிறார்கள், எதைச் சுருக்குகிறார்கள், கதவைத் திறந்ததும் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கவனித்துக் குறித்துக்கொண்டார். 1949 ஜூன் 3-இல் என்பிசி வானொலியில் டிராக்நெட் தொடங்கியது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அதுவரை துப்பறியும் கதை என்றால் ஒரு சூரன், அவனுடைய மூளை, கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து முடிச்சை அவிழ்ப்பது. வெப் போலீஸை வேலைக்குப் போகும் ஆளாக ஆக்கினார். ஒவ்வொரு கதையும் கிழமை, தேதி சொல்லித்தான் தொடங்கும். அன்றைக்கு நகரத்தில் வெயிலா குளிரா, நாங்கள் பகல் ஷிஃப்டா ராத்திரி ஷிஃப்டா, எந்தப் பிரிவு, கூட வேலை பார்ப்பவர் பெயர் என்ன, மேலதிகாரி யார், அப்புறம்தான் விஷயம். நடுநடுவே மணி எத்தனை என்று சொல்லிக்கொண்டே போவார். விசாரிக்கப் போன வீட்டில் ஒன்றும் கிடைக்காது, அடுத்த வீட்டுக்குப் போவார்கள், அங்கேயும் கிடைக்காது. ஜோடியாக வரும் போலீஸ்காரர் சாப்பாட்டைப் பற்றியும் உடம்பு வலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். கடைசியில் பிடிபட்டவனுக்கு எந்த நீதிமன்றத்தில் என்ன தண்டனை என்று அறிவிப்பாளர் படிப்பார், கதை முடிந்தது. எல்லாம் கோப்பில் இருப்பது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

ஒலி விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பேசாமல் விட என்னால் முடியாது. அரை மணி நேர நாடகத்துக்கு ஒலி சேர்க்க மட்டும் ஐந்து பேர் வரை வேலை செய்திருக்கிறார்கள். போலீஸ் தலைமையகத்தில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு எத்தனை காலடி என்று எண்ணி வந்து அத்தனை காலடியே வைத்தார்கள் என்பார்கள். ஒரு பகுதியில் ஃப்ரைடே லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து யூட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்கு டிரங்க் கால் போடுகிறார். இந்த ஆபரேட்டர் அடுத்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட, அந்தப் பெண் அதற்கடுத்த ஊரைக் கூப்பிட, இடையில் கரகரப்பு, காத்திருப்பு, திரும்பவும் ஒரு குரல். ஒரு நிமிஷத்துக்கும் மேல் இது மட்டும்தான் ஓடுகிறது. நாடகத்தில் பத்து விநாடி சும்மா விட்டாலே தயாரிப்பாளர் கத்துவார், அந்த வேலையில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெப் அதை வெட்டாமல் விட்டார். கேட்கிற நமக்கு, அந்த ஃபோன் கிடைக்குமா கிடைக்காதா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. துப்பாக்கிச் சத்தம் இல்லை, துரத்தல் இல்லை, வெறும் காத்திருப்பு.

இன்னொரு பகுதியும் இருக்கிறது, 1949 டிசம்பர் 22-இல் ஒலிபரப்பானது, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால். ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் காணவில்லை. அவனுக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கி ஒளித்து வைத்திருந்த சின்னத் துப்பாக்கியையும் காணவில்லை. அவனுடைய விளையாட்டுத் தோழனையும் காணவில்லை. தேடித்தேடி முதல் பையன் கிடைக்கிறான். இரண்டு பேரும் துப்பாக்கியை எடுத்து விளையாடியிருக்கிறார்கள், தோழன் தடுக்கி விழுந்ததில் அது வெடித்துவிட்டது. இவன் பயந்துபோய் ஒளிந்துகொண்டான். இதைச் சொல்லும் அந்தச் சின்னப் பையனின் குரலுக்குக் கீழே இசை கிடையாது. ஃப்ரைடே ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்வதில்லை, அடுத்த கேள்வியைத்தான் கேட்கிறார், ஆனால் அதற்குமேல் மெதுவாகக் கேட்க முடியாது, அப்படிக் கேட்கிறார். கடைசியில் செத்துப்போன பையனின் அப்பா தன் மகனுக்கு வாங்கிய பரிசுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அந்த இன்னொரு பையனிடம் கொடுக்கிறார். துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. வெப் அசையவில்லை, அதே கதையை அடுத்தடுத்த வருஷ கிறிஸ்துமஸுக்கும் போட்டார், தொலைக்காட்சியிலும் எடுத்தார். உணர்ச்சி காட்டத் தெரியாத ஆள் என்று எழுதியவர் இந்தப் பகுதியைக் கேட்டிருப்பாரா என்பதுதான் என் கேள்வி.

தொலைக்காட்சிக்குப் போனபோதும் அதே பிடிவாதம். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்துவந்து ‘நடிக்க’ கூடாது என்பதற்காக வசனம் ஓடும் டெலிபிராம்ப்டர் திரையைப் பார்த்துப் படிக்கவைத்தார். கேமராவை முகத்துக்கு மிகப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். கேள்வி, முகம், பதில், முகம், அவ்வளவுதான். அந்தச் சின்னத்திரைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. செட்டில் வைத்த போலீஸ் அலுவலகத்தில் கதவுக் கைப்பிடி வரைக்கும் நிஜ அலுவலகத்தில் இருப்பதைப்போலவே வேண்டும் என்று அடம்பிடித்தார். வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் இது உதவியது என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1953-54 பருவத்தில் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர்களில் இரண்டாவது இடம் டிராக்நெட்டுக்கு. 1954 மார்ச்சில் ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் வெப் முகம். உங்கள் கட்டுரையில் அவருடைய புகழ்பெற்ற வசனம் என்று, விவரம் மட்டும் சொல்லுங்கள் அம்மா என்ற ரீதியில் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அதைச் சரியாக அந்த வடிவத்தில் ஃப்ரைடே சொன்னதில்லை. 1953-இல் ஸ்டான் ஃபிரீபெர்க் என்ற நகைச்சுவைக் கலைஞர் இந்தத் தொடரைக் கிண்டல் செய்து வெளியிட்ட இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது, அந்த வசனம் பிரபலமானது அங்கிருந்துதான்.

சரி, போலீஸ் விளம்பரம் என்ற குற்றச்சாட்டு. இதில் நான் வெப்புக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. வழக்குக் கோப்பு வேண்டும், நிஜ இடங்கள் வேண்டும், நிஜக் கார்கள் வேண்டும் என்றால் துறையின் தயவு வேண்டும். அந்தத் தயவுக்கு விலை இருந்தது. கதைகள் துறையின் பார்வைக்குப் போய்த்தான் வந்தன. ஒவ்வொரு பகுதியிலும் போலீஸ் தலைவர் வில்லியம் பார்க்கர் அலுவலகத்துக்கு நன்றி சொன்னார்கள்.

1951 டிசம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் தேதி டிராக்நெட் முதல்முறையாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. 19-ஆம் தேதி ஃப்ரைடேயின் ஜோடி பென் ரொமெரோவாக நடித்த பார்ட்டன் யார்பரோ மாரடைப்பில் இறந்துபோனார். வெப் வேறு நடிகரை அந்தப் பெயரில் போட்டு மழுப்பவில்லை, சில நாளிலேயே வானொலித் தொடரில் ரொமெரோவும் மாரடைப்பில் இறந்ததாகக் கதை வைத்து, ஃப்ரைடே துக்கம் சுமப்பதைக் கேட்கவைத்தார். அதற்கு நடுவில், கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை, நிஜமான லாஸ் ஏஞ்சல்ஸ் சிறையில் ஏழு இளைஞர்களைப் போலீஸ்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து அடித்து நொறுக்கினார்கள். ஏழில் ஐந்து பேர் மெக்சிகோ வம்சாவளியினர். சில மாதம் கழித்து விஷயம் வெடித்து, எட்டுப் போலீஸ்காரர்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டு ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது, 39 பேர் பணியிடை நீக்கம், 54 பேர் இடமாற்றம். ஒரு நடிகரின் சாவை அவ்வளவு உண்மையாகத் தொட்ட தொடர், இதைத் தொட வேண்டிய மாதிரித் தொடவில்லை. டிராக்நெட்டில் கெட்ட போலீஸ்காரர் வந்தாலும் தனி ஆளாக வருவார், அவரைப் பிடிப்பதும் அதே துறையாகத்தான் இருக்கும். அடிவாங்கியவன் பக்கம் நின்று பார்க்கும் கதை அங்கே கிடையாது. உண்மைக் கதை என்று வாராவாரம் சொன்னவர் என்பதால் இந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் போலீஸுக்கு எதிராகக் கலவரம், 34 பேர் செத்தார்கள். 1967 ஜனவரியில் டிராக்நெட் வண்ணத்தில் திரும்பி வந்தது, இந்தமுறை ஜோடி கேனன் என்ற போலீஸ்காரராக ஹாரி மார்கன். முதல் பகுதி எல்எஸ்டி போதைப்பொருள் பற்றி, முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு தலையை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டிருக்கும் ஒரு பையனின் கதை. கலிஃபோர்னியாவில் அந்தச் சரக்குக்குத் தடையே 1966 அக்டோபரில்தான் வந்தது, ஆக விஷயம் சுடச்சுட. ஆனால் பழைய ஃப்ரைடே கேள்வி கேட்பார், புதிய ஃப்ரைடே பிரசங்கம் செய்தார். எனக்கு இந்தக் காலத்துப் பகுதிகளில் பலவற்றை முழுதாகப் பார்க்கும் பொறுமை இல்லை. விதிவிலக்காக ஒன்று இருக்கிறது. கொள்ளைக் குற்றம் சுமத்தப்பட்ட ஒரு இளம் போலீஸ்காரரை ஃப்ரைடேயும் கேனனும் ஒரே அறையில் வைத்து விசாரிக்கும் பகுதி அது. அதில் போலீஸ் வேலை என்றால் என்ன என்று வெப் நிமிஷக்கணக்கில் தொடர்ந்து பேசுகிறார். குறைந்த சம்பளம், ஊரின் வெறுப்பு, கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல முடியாத காட்சிகள். அதுவும் துறைக்கு ஆதரவான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் வீரம் எதுவும் இல்லை, அலுப்பு இருக்கிறது, அது நம்பும்படி இருக்கிறது. அந்த இளம் போலீஸ்காரராக நடித்த கென்ட் மெக்கார்டை அடுத்த வருஷமே ‘ஆடம்-12’ என்ற ரோந்து போலீஸ் தொடரில் நாயகர்களில் ஒருவராகப் போட்டார்.

இடையில் வார்னர் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவுக்குத் தலைவராகப் போய், கையை வைத்த தொடர் சரியாகப் போகாமல், சீக்கிரமே வெளியே வந்ததெல்லாம் தனிக் கதை. சினிமாவும் எடுத்தார், ‘பீட் கெல்லிஸ் ப்ளூஸ்’ என்று 1955-இல் ஒரு ஜாஸ் படம், அதில் நடித்த பெக்கி லீக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது.

உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாத ஒன்று ‘எமர்ஜென்சி!’. போலீஸ் தொடர் இல்லை என்பதால் விட்டிருக்கலாம், ஆனால் வெப்பைப் பற்றிப் பேசும்போது அதை விடக்கூடாது. ராபர்ட் சினேடருடன் சேர்ந்து 1972 ஜனவரியில் தொடங்கியது. தீயணைப்பு வீரர்களே பாராமெடிக் பயிற்சி எடுத்து, விபத்து நடந்த இடத்திலேயே சிகிச்சை தொடங்கி, வானொலிக் கருவியில் மருத்துவரிடம் கேட்டுக் கேட்டு ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றுவதுதான் கதை. இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். அப்போது அமெரிக்காவிலேயே இந்த ஏற்பாடு விரல்விட்டு எண்ணும் ஊர்களில்தான் இருந்தது, கலிஃபோர்னியாவில் அதற்கான சட்டமே 1970-இல்தான் வந்தது. தொடரைப் பார்த்த பல ஊர்க்காரர்கள் எங்கள் ஊரில் ஏன் இது இல்லை என்று கேட்க ஆரம்பித்தார்கள், பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலர் அந்த வேலைக்கே போனார்கள். அதில் பயன்படுத்திய கருவிகளை 2000-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பெற்று வைத்துக்கொண்டது. டிராக்நெட்டில் பழகிய அதே முறைதான் இங்கேயும்: நிஜ அழைப்புகளின் பதிவேடு, நிஜக் கருவிகள், வேலையைப் படிப்படியாகக் காட்டுவது. இந்தமுறை அந்த நுணுக்கம் யாரையும் மறைக்கப் பயன்படவில்லை, நேராக மனித உயிருக்குப் பயன்பட்டது. அதனால் என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

அந்தத் தொடரில் தலைமை நர்ஸாக நடித்த ஜூலி லண்டன் பாடகி, வெப்பின் முதல் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய், 1954-இல் விவாகரத்து ஆனவர். மருத்துவராக நடித்த பாபி ட்ரூப் அவருடைய அடுத்த கணவர். இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்தவர் வெப். கல்லு மனிதர் என்று சொல்பவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன்.

1982 டிசம்பர் 23-இல் மாரடைப்பில் இறந்தார், வயது 62. டிராக்நெட்டை மறுபடியும் கொண்டுவரும் ஏற்பாட்டில் இருந்தார் அப்போது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் அவருக்குத் துறை மரியாதையுடன் இறுதிச் சடங்கு செய்தது, ஃப்ரைடேயின் 714 என்ற பேட்ஜ் எண்ணுக்கும் ஓய்வு கொடுத்தது. ஒரு நாளும் போலீஸில் வேலை பார்க்காத நடிகருக்கு! இது பெருமையா, அந்த நெருக்கத்தின் அளவைக் காட்டும் சாட்சியா என்று கேட்டால் இரண்டும்தான்.

ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். வானொலிக் காலத்து டிராக்நெட்டைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று போடுங்கள், ஒலி நாடகத்தில் வேலை செய்தவர்கள் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். வாசகர்களில் யாராவது கேட்டுப்பார்க்க நினைத்தால் 1949 முதல் 1951 வரையான பகுதிகளிலிருந்து தொடங்குவது நல்லது, யார்பரோ இருந்த காலம். அந்தக் கிறிஸ்துமஸ் பகுதியை மட்டும் குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
திருச்சி.